ரோபோவுக்கு வாய் திறந்த திம்மராயப்பா

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் போன் போட்டு, சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வருவார்கள். "மேடம், எங்க சென்டருக்கும் ரோபோ வரப்போகுது. வயசானவங்க ஏத்துக்குவாங்களா?"

ஏற்றுக்கொள்வார்கள் கண்ணுகளா. அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். வயதானவர்கள் எதைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை? மகன் சொன்னால் வீட்டை விட்டு வருகிறார்கள், மருமகள் சொன்னால் உப்பை விடுகிறார்கள், நாம் சொன்னால் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ரோபோவை மட்டும் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள்? எங்கள் இல்லத்தில் ஒருவர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு, உங்கள் சென்டருக்கு வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டா வாங்கப் போகிறார்கள்?

என் பேர் பேச்சியம்மாள். சாத்தூர்ப் பக்கம் பிறந்து, மதுரையில் தொழில்வழி மறுவாழ்வுப் படிப்பு படித்து, சிப்காட்டில் வேலை பார்த்த மனிதரைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்தவள். முதல் பத்துப் பதினைந்து வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் பிரஸ் மெஷினில் விரல் போன தொழிலாளிகளுக்கு மிச்சமிருக்கும் விரலால் ஸ்பானர் பிடிக்கவும், சட்டை பட்டன் போடவும் பழக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுதினால் வேறு புஸ்தகம் ஆகிவிடும். பிறகு பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் திறந்தார்கள். நினைவாற்றல் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

இல்லத்தின் தலைமை டாக்டர் ரேவதி. சேலத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எதையும் உத்தரவாகச் சொல்ல மாட்டார்; கேள்வியாகக் கேட்பார். "பேச்சிம்மா, இந்த ஃபேனை நிறுத்திட்டா நல்லா இருக்குமோ?" என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தம். அவர் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட் இருக்கும். யாருக்காவது இல்லை என்று சொல்லப் போகிறார் என்றால் முதலில் பிஸ்கட்டை நீட்டுவார். சம்பள உயர்வு கேட்கப் போன நர்ஸ் வெளியே வரும்போது வாயோரம் தூள் ஒட்டியிருந்தால் நாங்கள் ஒன்றும் விசாரிக்க மாட்டோம்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இந்த வேலையைப் பிடிக்க வைத்ததே அவர் போட்ட முறைகள்தான். பயிற்சி கொடுப்பவர் எதிரே உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் பரீட்சை ஆகிவிடும். முதலில் டீ, பிறகு ஊர்ப் பேச்சு, அதற்குப் பிறகுதான் பயிற்சி. மூன்று வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்போம் இல்லையா, அந்த மூன்று வார்த்தையையும் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாம்பழ மண்டி வைத்திருந்தவருக்கு 'கூடை, வைக்கோல், லாரி'. தையல்காரருக்கு 'கத்தரி, ஊசி, கஜக்கோல்'. பதில் வராவிட்டால் வேறு பக்கமாகக் கேள்வியைக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தப்பு என்ற வார்த்தை அந்தக் கட்டடத்துக்குள் வரக்கூடாது. இது டாக்டரே போட்ட சட்டம். ஒரு நர்ஸ் வாய்தவறி "தப்பு தாத்தா" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் இல்லாமலே திட்டு வாங்கினாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. மாதம் ஒருமுறை எல்லோருக்கும் சோதனை வைத்து மார்க் போடுவோம். மார்க் ஓர் அளவுக்குக் கீழே போனால் அவர்களை வெளியே அனுப்பக் கூடாது. அடுத்த மாதமும் அப்படியே இருந்தால் மாடிக்கு மாற்ற வேண்டும். மாடியில் கதவு பூட்டியிருக்கும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் இல்லத்திலிருந்து நடந்தால் கொஞ்ச தூரத்தில் லாரிகள் ஓயாமல் ஓடுகிற ரோடு. வழி மறந்து போன ஒரு பெரியவரை ஒருமுறை அந்த ரோட்டின் நடுத்தடுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ரோபோ வந்தது; பயிற்சியும் மாதச் சோதனையும் இனி அதன் வேலை என்றார்கள். இடுப்பு உயரம், வெள்ளை நிறம், இரண்டு கை, முகம் இருக்கும் இடத்தில் ஒரு திரை. கம்பெனிக்காரர்கள் அதற்கு அழகாக ஒரு பேர் வைத்திருந்தார்கள். எங்கள் ஆயாக்கள் வைத்த பேர் 'மாப்பிள்ளை'. வந்த நாளிலிருந்து அதற்கு ஏசி போட வேண்டும், தூசி படாமல் துடைக்க வேண்டும், வேளாவேளைக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும், அதன் மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. புது மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் கிடையாது.

எனக்கு முதல் நாளே எரிச்சல் வந்தது எதற்கென்றால், அது எதிரே நின்றது. பதில் பிசகினால் "தவறான விடை, மீண்டும் முயலுங்கள்" என்றது. சரியாகச் சொன்னால் விடையை ஊருக்கே கேட்கிற மாதிரித் திருப்பிச் சொல்லி, பூப் பூவாகத் திரையில் காட்டி, கைதட்டுகிற சத்தம் எழுப்பியது. டாக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்விக்கு முதல் வாரத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. லேத் பட்டறையிலிருந்து பெரிய தொழிற்சாலை வரை நாற்பது வருடம் மெஷினோடு வாழ்ந்த ஆறுமுகம் என்பவர் எங்களிடம் இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அவர் ரோபோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து முதுகைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எமர்ஜென்சி ஸ்டாப்பு எங்கன இருக்கு?" என்று கேட்டார். "அது இல்லாம மெசின் பக்கத்துல ஆள நிப்பாட்டக் கூடாதுல்லா?" கம்பெனி இன்ஜினியர் பின்பக்கத்தில் இருந்த சுவிட்சைக் காட்டினார். ஆறுமுகம் திருப்தியாக உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பதில் தெரியாத நாளில் மெல்ல எழுந்து போய் அந்த சுவிட்சைத் தட்டிவிட்டு வந்துவிடுவார். மனுஷன் கெட்டிக்காரர்.

மற்றவர்களும் அப்படித்தான். யாரும் பயப்படவில்லை, யாரும் முறைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலில் கூட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பதில் சொல்வதும், அது கைதட்டும்போது சேர்ந்து தட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ரோபோவை ஏற்காதவர் என்று ஒருவர் பேரைத்தான் இன்ஜினியர் எழுதிக்கொண்டு போனார். அது திம்மராயப்பா.

திம்மராயப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், எல்லை தாண்டி வருகிறவர்களிடம் கன்னடம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். மனைவி போன பிறகு மறதி வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரே மகன் சீனு, மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர்; மருமகளும் வேலைக்குப் போகிறவள். வேறு வழியில்லாமல் கொண்டுவந்து விட்டார்கள். சீனு நல்ல மனிதர். ஒவ்வொரு சந்தை நாளும் லீவோ பர்மிஷனோ போட்டு, காரை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் பெரியவர் மற்ற ஆறு நாளும் எங்கள் கஞ்சியைக் குடித்தார். முந்தைய நாளே வெள்ளை வேட்டியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். என் பேர் மறந்துபோகும், இட்லி சாப்பிட்டது மறந்துபோகும், சந்தை நாள் மறக்காது.

ரோபோ முன்னால் அவரை உட்கார வைத்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். "வணக்கம் திம்மராயப்பா அவர்களே. நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள்" என்றது அது. எங்கள் தொழிலில் பழைய கணக்குதான். பெரியவர் அக்கம்பக்கம் பார்த்தார். சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, ரோபோவின் வலது கை மேல் போட்டு மூடினார். தன் கையையும் துண்டுக்குள் விட்டார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் பதில் கேட்கவில்லை. மீண்டும் முயலுங்கள்."

பெரியவரின் தோள் லேசாக இறுகியது. துண்டுக்குள்ளே என்னமோ செய்தார். மறுபடியும் அதே குரல், அதே வார்த்தை. மூன்றாவது தடவை 'கிறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ரோபோவின் சுண்டுவிரல் மடங்கிவிட்டது. திரையில் பூஜ்யம் வந்தது. இன்ஜினியர் ஓடிவந்து துண்டை எடுத்தார். 'பயம் காரணமாக ரோபோவை மூடுகிறார், ஏற்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "படியலம்மா. கையவே குடுக்க மாட்டங்குது. நல்ல வெவரமான ஆளா கீறான்" என்றார். குரலில் கோபமில்லை. மரியாதைதான் இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரிசல் காட்டில் பிறந்தவளுக்கு இந்தச் சந்தை வழக்கம் எங்கே தெரியும்? சந்தை நாளில் சீனு வந்தபோது கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அதான் மேடம் அவரு தொழிலு. சந்தையில மாட்டு வெலைய வாயில சொல்ல மாட்டாங்க. துண்டப் போட்டு, உள்ள வெரலப் புடிச்சித்தான் சொல்லணும். ஒரு வெல காதுல உழுந்துட்டா அது அந்த மாட்டோட நிக்காது, சந்த பூரா பரவிடும். எங்கப்பா மூணாங்கை. விக்கறவனும் வாங்கறவனும் முட்டிக்கினு நின்னா இவரத்தான் கூப்புடுவாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க கடேசி வெலைய இவரு கையில மட்டும் சொல்லுவாங்க. ஒருத்தன் சொன்னது இன்னொருத்தனுக்குத் தெரியாது. இவரு நடுவுல பாத்து முடிச்சி உடுவாரு. வாயில எண்ணு வந்துச்சின்னா அப்பறம் எவன் மேடம் கையக் குடுப்பான்?"

அன்று சாயங்காலம் பெரியவர் திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, டீ கொடுத்து, அவர் துண்டை வாங்கி என் கை மேல் போட்டுக்கொண்டேன். "ஐயா, நூறுல ஏழு போனா?" என்றேன். அவர் கையை உள்ளே விட்டார். முழுக்கையையும் ஒரு பிடி, பிறகு நாலு விரல், ஒரு சின்ன நிறுத்தம், பிறகு மூன்று விரல். தொண்ணூற்று மூன்று. அடுத்தது எண்பத்தாறு. அதற்கு அடுத்தது. விரல் போனவர்களின் கையோடு பல வருடம் பழகியவள் நான். கை பேசுவது எனக்குப் புரியும். அந்தக் கையில் மறதி இல்லை. இரண்டு வரைக்கும் இறங்கிவந்து, என் உள்ளங்கையை ஒரு தட்டுத் தட்டி முடித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடினேன் டாக்டரிடம்.

டாக்டர் ரேவதி உடனே கீழே வந்தார். அவரும் கையைக் கொடுத்தார். குழந்தை மாதிரிச் சிரித்தார். "அருமை, அருமை" என்று மூன்று நான்கு தடவை சொன்னார். நடிப்பில்லை, உண்மையான சந்தோஷம். பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிஸ்கட்டை நீட்டினார்.

"பேச்சிம்மா, இதை சிஸ்டத்துல எப்படி ஏத்துறது? வாயில வர்ற பதில், திரையில தொடுற பதில், ரெண்டுதானே அதுக்குத் தெரியும்?"

"அவருக்கு மட்டும் பழையபடி நான் சோதனை வைக்கிறேன் டாக்டர்."

"அப்ப ஆறுமுகமும் தனக்கு நீங்களே வைக்கணும்னு கேப்பாரு. நான் ஒண்ணு கேக்கட்டா, கோச்சுக்கக் கூடாது. உங்களுக்குப் பிடிச்சவங்களுக்கு நீங்க கொஞ்சம் கூடப் போடுறது உண்டா இல்லையா?"

உண்டு. இல்லை என்று எப்படிச் சொல்வது? அரை மார்க்கில் நிற்கிற மனுஷனைப் பூட்டிய கதவுக்குள் அனுப்ப எனக்குக் கை வராது. அதைப் பெரிய குற்றமாகவும் நான் இன்றுவரை நினைக்கவில்லை.

"அந்த மிஷினுக்குப் பிடிச்ச ஆளும் இல்ல, பிடிக்காத ஆளும் இல்ல. வீட்டுக்காரங்க நாளைக்கு என்னைக் கேட்டா நான் காட்டுறதுக்கு ஒரே மாதிரி ஒரு நம்பர் வேணுமா வேண்டாமா?"

பிஸ்கட்டோடு வெளியே வந்தேன். அதைச் சாப்பிடவில்லை, குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பெரியவரையும் ரோபோவையும் தனி அறையில் வைத்துப் பார்த்தேன், ஹாலில் ஆட்கள் இருப்பதால்தானே சொல்ல மாட்டேன் என்கிறார் என்று. அதுவும் நடக்கவில்லை. நான் கெஞ்சியதற்காகத் திரையில் ஒருமுறை எண்ணைத் தொட்டார். உடனே அது, "தொண்ணூற்று மூன்று! சரியான விடை!" என்று கூவிக் கைதட்டியது. பெரியவர் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். "எந்துக்கு இப்படிக் கூவுறான்? சந்தையக் கெடுத்துடுவான் போல" என்று எழுந்துவிட்டார்.

மார்க் கீழே போனது. வெளியே அனுப்புவது நின்றது.

அடுத்த சந்தை நாளன்று அவர் வழக்கம்போல் வெந்நீரில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சீனுவுக்கு டாக்டர் முன்பே போன் செய்து சொல்லிவிட்டார். கார் வரவில்லை. பெரியவர் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் உள்ளே போகச் சொன்னபோது, "லாரி எதனா மறிச்சிருக்கும், வருவான்" என்றார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் சாப்பாட்டையும் வேண்டாம் என்றார். அடுத்த மாதச் சோதனையிலும் மார்க் இப்படியே போனால் மாடி. மாடியில் கேட் தெரிகிற ஜன்னல்கூட இல்லை.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவங்கிட்ட வாயத் தொறந்து சொல்லிட்டா என்னச் சந்தைக்கி உட்ருவாங்களா?"

"விட்டுருவாங்க ஐயா."

துண்டின் நுனியைத் திருகினார். "இங்க மாடு கீது ஒண்ணும் இல்லதான? இங்க சொன்னா யாருக்கு நட்டம்?" என்று என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. "சொல்றன் போ" என்றார்.

அவர் எடுத்துக்கொண்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் வாயைக் கையால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார். "சற்று உரக்கச் சொல்லுங்கள்" என்றது மாப்பிள்ளை. கையை எடுத்தார். இருமினார். தண்ணீர் கேட்டார். கெட்ட வார்த்தை சொல்லச் சொன்ன மாதிரி முகமெல்லாம் வேர்த்துவிட்டது. டாக்டர் தினமும் வந்து பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு "தொண்ணூத்தி மூணு!" என்று கத்தினார். ரோபோ பூக்களைக் காட்டிக் கைதட்டியது. ஹாலில் இருந்த எல்லோரும் தட்டினார்கள். ஆறுமுகம் விசிலே அடித்தார். பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அந்த வயது வரைக்கும் அவருக்கு யாராவது கைதட்டியிருப்பார்களா என்ன? மெல்லச் சிரித்தார்.

அதன் பிறகு தடையே இல்லை. எண்ணைச் சொல்வார், நிமிர்ந்து சுற்றிப் பார்ப்பார், தட்டுவார்கள், அடுத்த எண். வரவர என் பக்கத்தில் வந்து உட்காருவதும் குறைந்துவிட்டது. ஒருநாள் பழைய நினைப்பில் துண்டை என் கை மேல் போட்டுக்கொண்டு நீட்டினேன். "என்னாம்மா, குளுருதா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மார்க் ஏறியது. சும்மா இல்லை, இல்லத்திலேயே முதல் வரிசைக்கு வந்தார். கம்பெனியிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பயந்து மூடினவர் இப்போது முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று அவர்கள் போகிற இடத்திலெல்லாம் காட்டினார்களாம். டாக்டர் சந்தோஷமாகவே சந்தைக்கு அனுமதி கொடுத்தார். ரொம்ப நாள் கழித்து முதல் தடவை என்பதால் என்னையும் துணைக்கு அனுப்பினார்.

குந்தாரப்பள்ளிச் சந்தையை அன்றுதான் நான் பார்த்தேன். ஆட்டுக் கூட்டம், மாடு ஏற்றி வந்த மினி லாரிகள், கயிறு விற்கிறவர்கள், சாணி, புழுதி, மூன்று பாஷையில் பேச்சு. அவ்வளவு பேச்சிலும் ஒரு விலை என் காதில் விழவில்லை. பார்க்கிற இடமெல்லாம் இரண்டு இரண்டு பேராகத் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றார்கள். காரிலிருந்து இறங்கியதும் பெரியவரின் நடையே மாறிவிட்டது. என்னை விட்டுவிட்டு முன்னால் போனார். "அண்ணா வந்துட்டாரு", "திம்மராயண்ணா, எங்க இத்தினி நாளா ஆளயே காணம்?" என்று நாலு பக்கமும் குரல். டீ வந்தது, பீடி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. சீனு, "பாத்தீங்களா மேடம்" என்றார்.

அவரோடு பல வருடம் கூட்டாகத் தரகு பார்த்த கோவிந்தப்பா என்பவர் வந்து கையைப் பிடித்தார். "அண்ணா, நல்ல நேரத்துக்கு வந்த. காலைலருந்து ஒரு ஜோடி முட்டிக்கினு நிக்குது. நீதான் முடிச்சி உடணும்." கெலவரப்பள்ளி அணைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஒரு ஜோடிக் காளையைக் கொண்டுவந்திருந்தார். வாங்க வந்தவர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்காரர். அவர் ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். பெரியவர் நடுவில் போய் நின்று துண்டை எடுத்து உதறினார். அந்த உதறலைப் பார்த்தபோது, டாக்டரே, உங்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

விவசாயி கையை உள்ளே விட்டார். அதற்குக் கீழே இறங்க முடியாது என்கிற அவருடைய கடைசி விலையை, எத்தனை ஆயிரம் என்று, அழுத்தினார். பெரியவர் வானத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். வாயைத் திறந்தார்.

"அறுவத்தெட்டு!"

ஹாலில் எப்படிச் சொல்வாரோ அப்படி, கணீரென்று. சொல்லிவிட்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

பக்கத்தில் துண்டுக்குள் கையை வைத்திருந்தவர்கள்கூட அப்படியே திரும்பினார்கள். விவசாயி சூடு பட்ட மாதிரிக் கையை உருவிக்கொண்டார். ஆனேக்கல்காரர் மீசையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் கன்னடத்தில் என்னமோ சொல்லிச் சிரித்தார். அதற்கு மேல் அவர் ஏன் ஒரு பைசா ஏற்றப் போகிறார்? பின்னாலிருந்து யாரோ, "கெழவனுக்குக் கழண்டுகிச்சிடா" என்றார்கள். விவசாயி மாட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனார். ஆத்திரத்தில் முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்து இழுத்தார். பெரியவரைப் பார்த்து, "உன்ன நம்பித்தான கையக் குடுத்தன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காளைகளை ஓட்டிக்கொண்டு போனார்.

பெரியவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. கோவிந்தப்பா வந்து அந்தக் கை மேலிருந்த துண்டை எடுத்து, உதறாமல் மடித்து, அவர் தோளில் வைத்தார். "வூட்டுக்குப் போண்ணா" என்றார். சீனு அப்பாவின் முதுகில் கைவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வழிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. பிஸ்கட்டும் எடுக்கவில்லை. "வாயில சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் மாடியில இருந்திருப்பாரு இல்லையா பேச்சிம்மா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறதா என்று உண்மையாகவே கேட்ட மாதிரி இருந்தது. அந்தப் பதிலை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த வருடமே நான் ஓய்வு பெற்றேன். பெரியவர் நான் இருந்த வரை கீழ்த்தளத்திலேயே இருந்தார். மார்க் ஒருநாளும் குறையவில்லை. சந்தை நாள் வரும், போகும். வெள்ளை வேட்டி பெட்டியிலேயே கிடந்தது. சீனு காரோடு வந்தால், "நீ போய்ட்டு வாப்பா, எனக்கு இங்க வேல கீது" என்று ஹாலுக்குப் போய்விடுவார்.

அவமானத்தால் போகவில்லையா, மறந்தே போய்விட்டாரா என்று பிள்ளைகள் நீங்கள் கேட்பீர்கள். அது எனக்குத் தெரிந்துவிட்டது, சந்தையிலிருந்து திரும்பி வரும்போதே. சீனு ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்காமலே ஓட்டினார். பெரியவர் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சூளகிரி தாண்டியதும் என் முழங்கையைத் தொட்டார்.

"ஏம்மா, நான் சரியாத்தான சொன்னன்?"

"சரியாத்தான் சொன்னீங்க ஐயா. அறுபத்தெட்டுதான்."

"அப்பறம் ஏன் ஒருத்தனும் கைதட்டல?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் கைதட்டினேன். ஓடுகிற காருக்குள், அவர் மகன் காதுபட, அவர் முகம் மலர்கிறவரைக்கும் தட்டினேன்.